நேர்மை வில்லை

காஜா பேராங் சாலையோரத்துத் தமிழ்ப் பள்ளியில் காலை அணிவகுப்பு நடக்கும்போது சாரதாம்பாள் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்பாள். அங்கே நின்றால்தான் தலைமை ஆசிரியர் கலியாணசுந்தரம் குனிவதை முழுதாகப் பார்க்க முடியும். மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம் அது. எல்லோரும் கிழக்கே திரும்பி, தோக்கியோவில் இருக்கும் சக்கரவர்த்திக்கு இடுப்பளவு குனிய வேண்டும் என்பது உத்தரவு. அவர் இடுப்பளவோடு நிறுத்துவதில்லை. நெற்றி முழங்காலில் இடித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு மடங்குவார். பிள்ளைகள் நிமிர்ந்து, மூக்கைத் துடைத்து, பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளி முடித்த பிறகும் அவர் மடங்கியபடியே இருப்பார். பார்ப்பதற்கு ஒரு ஜப்பான்காரனும் இல்லாத நாளிலும் அப்படித்தான். இந்த மனிதர் யாருக்காக ஒத்திகை பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. பன்னிரண்டு வருடமாக அங்கே நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவந்தாள். வீடு செமாபோக்கில். சைக்கிள் டயர் எங்கும் கிடைக்காமல் போனதிலிருந்து நடைதான். ஊரைக் குறுக்கே கடந்து, ஆற்றுப் பாலத்தில் நிற்கும் காவல் சிப்பாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும். ஒருநாள் அவள் குனிந்தது போதவில்லை என்று சிப்பாய் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அவள் கணவன் கருணாகரன் நகரத்துத் தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை செய்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்தச் சண்டை நம்மைத் தாண்டிப் போய்விடும் என்பது அவன் கட்சி. சாரதாம்பாள் வாயை மூடித்தான் வைத்திருந்தாள். கண்ணை மூட அவளால் முடியவில்லை.

பண்புத் திட்டம் கலியாணசுந்தரத்தின் சொந்தச் சரக்கு. ஜப்பான்காரன் அதைக் கேட்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடம், அரிசிப் பங்கீடு மூன்றாம் முறையாகக் குறைக்கப்பட்ட மாதத்தில், அவராகவே உட்கார்ந்து கல்வி அதிகாரி மொரிதாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். வெள்ளைக்காரன் படிப்பைக் கொடுத்தான், பண்பைக் கொடுக்கவில்லை. ஆகையால் பள்ளிகளில் மாதந்தோறும் பணிவு, தூய்மை, உழைப்பு, நன்றி, நேர்மை என்று ஐந்து பண்புகளுக்கு ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்து, நெஞ்சில் வில்லை குத்திக் கௌரவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆசிரியர்களைக் கூட்டிவைத்து அந்த விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். வெள்ளைக்காரன் பண்பைக் கொடுக்கவில்லை என்ற இடம் வந்தபோது, அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரின் காருக்குப் பின்னால் இதே மனிதர் குடை பிடித்துக்கொண்டு ஓடியது சாரதாம்பாளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னுதுரை வாத்தியாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் நகத்தைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மொரிதாவுக்குத் திட்டம் பிடித்துப்போயிற்று. ஊரில் உள்ள எல்லாப் பள்ளிகளும் இதைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கலியாணசுந்தரத்தின் சைக்கிளுக்கு எங்கிருந்தோ இரண்டு டயர் வந்தது.

வில்லை தைக்கிற வேலை சாரதாம்பாள் தலையில் விழுந்தது, அங்கே இருந்த ஒரே பெண் ஆசிரியை அவள்தான் என்பதால். வெள்ளைத் துணிக்குப் பழைய படுக்கை விரிப்பு இருந்தது. நடுவில் வைக்கச் சிவப்பு வட்டம் வேண்டுமே. கலியாணசுந்தரம் கதவைச் சாத்திவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழைய பிரிட்டிஷ் கொடி. ஒருவேளை வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் உதவும் என்று வைத்திருந்தார் போலிருக்கிறது. அதன் சிவப்புப் பட்டைகளை வெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"துணிக்கு என்னம்மா தெரியும்?" என்றார் அவர்.

துணிக்கு ஒன்றும் தெரியாதுதான். அவள் வெட்டித் தைத்தாள். வட்டத்துக்குக் கீழே அந்தந்தப் பண்பின் பெயர் ஜப்பானிய எழுத்தில் ஏறியது.

முதல் மாத வில்லைகள் யார் யாருக்குப் போயின என்பதைச் சொல்லாமலே ஊகித்துக்கொள்ளலாம். பணிவு, ராணுவ முகாமுக்குக் காய்கறி கொடுக்கும் குத்தகைக்காரரின் மகனுக்கு. அந்தப் பையன் தன் வீட்டு வேலைக்காரக் கிழவரை உதைக்கிறவன். தூய்மை, சேதுராமன் என்ற பையனுக்கு. வீட்டில் சவர்க்காரம் இருந்த பிள்ளை பள்ளியிலேயே அவன் ஒருவன்தான். உழைப்பு, தலைமை ஆசிரியர் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு. நன்றி, அவருடைய தங்கை மகளுக்கு. கைதட்டச் சொன்னார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் கைதட்டின.

நேர்மை மட்டும் மிஞ்சியது. அதை எப்படி அளப்பது என்று கலியாணசுந்தரத்துக்குப் புரியவில்லை. அவருக்குப் பழக்கமில்லாத சரக்கு என்று சாரதாம்பாள் வீட்டுக்குப் போய்க் கருணாகரனிடம் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, உடனே ஜன்னலைப் பார்த்தான்.

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பசித்த பிள்ளைகள் முன்னால் தின்பண்டத்தை வைத்துவிட்டு, பெரியவர்கள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். பசியிலும் தொடாத பிள்ளை எது என்று பார்க்க வேண்டும். மொரிதா இதைக் கேட்டு, இது ஜப்பானியப் புத்தி என்று பாராட்டினாராம். அவரே ராணுவக் கோதுமை மாவைக் கொடுத்து, சீனன் கடையில் பாவ் என்ற உருண்டை ரொட்டி அவித்து எடுத்துவருவதாகச் சொன்னார். இதை அறிவித்தபோது கலியாணசுந்தரத்தின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து, சாரதாம்பாள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதர் மேல் காறித் துப்ப வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டாள். அந்தப் பிள்ளைகள் கோதுமை மாவைக் கண்ணால் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரவள்ளிக் கிழங்கு, வள்ளிக்கீரை, மறுபடியும் மரவள்ளிக் கிழங்கு. சில பிள்ளைகளுக்குக் கால் வீங்கியிருந்தது.

சோதனைக்கு அவளுடைய நான்காம் வகுப்பைத்தான் தேர்ந்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகள். அதில் மீனாச்சி என்று ஒருத்தி, பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து வருகிறவள். செட்டி வீட்டார் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றியவர்கள். கோயிலில் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். மீனாச்சி படித்த ஆங்கிலப் பள்ளியை ராணுவம் எடுத்துக்கொண்டதால், அவள் தாய் நாகம்மா நடக்கிற தூரத்தில் இருந்த இந்தப் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தாள். பத்து வயதுப் பெண் மூன்று வருடம் தமிழ் படித்துவிட்டு வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதிக்கொண்டிருந்தது. சாரதாம்பாளை டீச்சர் என்று கூப்பிடாது. மலாய்ப் பிள்ளைகளைப் போல "சிக்கு" என்று கூப்பிடும். தமிழ் பேசத் தெரியாத தமிழ்ப் பெயர் என்று கலியாணசுந்தரம் அவளை வைத்து எல்லோர் முன்னாலும் வேடிக்கை பேசுவார்.

சோதனை நாளன்று மொரிதா காரில் வந்து இறங்கினார். அலுவலறையில் மேசை மேல் பெரிய தட்டை வைத்து, மேலே மூடியிருந்த துணியை விலக்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபது பாவ். வெள்ளையாக, உள்ளங்கை அளவில், இன்னும் லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. உள்ளே சீனி. தட்டை வகுப்புக்குக் கொண்டுபோகும் பொறுப்பைக் கலியாணசுந்தரம் வேறு யாருக்கும் விடவில்லை.

பிள்ளைகள் திடலில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சாரதாம்பாள் வகுப்பில் தனியாக இருந்தாள். சுண்ணக்கட்டி தீர்ந்துபோனது அப்போதுதான் கண்ணில் பட்டது. எடுத்துவரலாம் என்று மண்வெட்டிகளும் பழைய வரைபடங்களும் கிடக்கும் சாமான் அறைப் பக்கம் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கலியாணசுந்தரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தட்டு ஒரு சாக்கு மூட்டையின் மேல் இருந்தது. அவருடைய தோள்கள் வேகமாக அசைந்தன. தாடை அசைவது காதுக்குப் பின்னால் தெரிந்தது. ஒன்றை விழுங்குவதற்குள் இன்னொன்று போய்விட்டது. மூச்சு முட்டி, ஒரு கையால் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

அவள் சுண்ணக்கட்டியை மறந்து வகுப்புக்குத் திரும்பினாள். சிறிது நேரத்தில் அவர் மூடிய தட்டோடு நிமிர்ந்த நடையில் வந்தார். மீசையில் ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் அதையே பார்த்தாள். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் வரும்வரை தட்டுக்குக் காவலாக நிற்கும்படி அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கலியாணசுந்தரம் திரும்பி வந்து துணியை விலக்கி, ஒருவரும் தொடக்கூடாது, நாங்கள் வெளியே போகிறோம் என்று அறிவித்தார். கால் மணி நேரம். பலகைச் சுவரில் ஓர் இடைவெளி இருந்தது. சாரதாம்பாள் அதன் வழியாகப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. தனபாலன் என்ற பையன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் தூக்கி வாசனை பிடித்தான். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், சத்தம் இல்லாமல். மீனாச்சி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குப் படித்த எழுத்துகளை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மொரிதா உள்ளே வந்து எண்ணினார். பதினெட்டு. மறுபடியும் எண்ணினார். பதினெட்டுதான்.

அவர் முகம் மாறியதைக் கண்டதும் கலியாணசுந்தரத்துக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. யார் எடுத்தது என்று தமிழில் கத்தினார். பிறகு அவர் செய்ததைச் சாரதாம்பாள் கடைசி வரை மறக்கவில்லை. வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் வாயைத் திறக்கச் சொல்லி, குனிந்து முகர்ந்து பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிறவனுக்குக்கூட அதைவிடக் கூச்சம் இருக்கும். மீனாச்சியிடம் வந்ததும் நின்றார். அவள் சட்டைக் கையில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. நாகம்மா மரவள்ளி மாவில் பலகாரம் செய்து விற்கிறவள். பெண் விடியற்காலையில் எழுந்து மாவு சலித்துக் கொடுத்துவிட்டு வருகிறவள். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கலியாணசுந்தரத்துக்கும் தெரியும்.

"மாவு," என்றார் அவர். அவளைக் கையைப் பிடித்து இழுத்து அதிகாரி முன்னால் நிறுத்தினார்.

மீனாச்சி, தான் எடுக்கவில்லை என்று மலாயில் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கடைசியில் வாசல் பக்கம் நின்ற சாரதாம்பாளைப் பார்த்து, "சிக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மொரிதா பிரம்பைக் கையில் எடுத்தார்.

அப்போது தான் என்ன நினைத்தோம் என்று சாரதாம்பாளுக்குத் தெளிவாகத் தெரியாது. கால் முன்னால் போனது. தட்டுக்கு நான்தான் காவல் நின்றேன், பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே இரண்டைத் தின்றுவிட்டேன் என்று மலாயில் சொன்னாள். நேராக மொரிதாவைப் பார்த்துத்தான் சொன்னாள். கலியாணசுந்தரத்தின் பக்கம் அவள் திரும்பவில்லை. ஆனால் அவர் மூச்சு நின்று மறுபடி வந்தது அவள் காதில் விழுந்தது.

மொரிதா இரண்டு அறை விட்டார். அவள் மூக்குக் கண்ணாடி தெறித்து, அதன் ஒரு பக்கம் கீறல் விட்டது. பிறகு அவளைத் திடலில் நிறுத்தி, பதினெட்டுப் பாவோடு அந்தத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நண்பகல்வரை நின்றாள். முதலில் தோள் வலித்தது, பிறகு மரத்துப்போனது. காக்கைகள் கூரையில் வந்து உட்கார்ந்து அவளையே பார்த்தன. கன்னத்தில் இறங்கிய வேர்வையில் பாவின் இனிப்பு வாசனை கலந்திருந்தது. அவளுக்கும் பசித்தது, அந்த இரண்டைத் தின்றுவிட்டே இந்தத் தண்டனையை வாங்கியிருக்கலாம் என்று ஒருமுறை தோன்றி, சிரிப்பு வந்தது. சிரித்தால் தட்டு ஆடும் என்று அடக்கிக்கொண்டாள்.

நண்பகலில் மணி அடித்து எல்லா வகுப்புகளையும் திடலுக்குக் கூட்டினார்கள். இன்னும் அடி விழப்போகிறது என்று அவள் நினைத்தாள். நடந்தது வேறு. மொரிதா ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று மலாயில் பேசினார். இந்த ஆசிரியை தவறு செய்தாள், அதற்குத் தண்டனை பெற்றாள். ஆனால் தன் மானம் போவதைப் பொருட்படுத்தாமல் தன் மாணவர்கள் முன்னால் உண்மையைச் சொன்னாள். தான் இந்த ஊரில் இரண்டு வருடமாகத் தேடிய நேர்மையை இன்றுதான் பார்த்ததாகச் சொன்னார். நேர்மை வில்லை அவளுக்குத்தான். தலைமை ஆசிரியர் தன் கையாலேயே குத்த வேண்டும்.

பன்னிரண்டு வருட ஆசிரியை வாழ்க்கையில் அவள் பிள்ளைகள் முன்னால் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்கு நேர்மைப் பட்டம்.

கலியாணசுந்தரம் வில்லையோடு வந்தார். அவள் தானே தைத்தது. ஓரத்தில் ஒரு தையல் கோணல். ஊசி இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை அவருடைய கட்டை விரலிலேயே ஏறியது. மூச்சில் இன்னும் சீனி வாசனை வந்தது. அவள் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் ஒருமுறைகூடக் கண்ணை உயர்த்தவில்லை. பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார்கள். மொரிதா தட்டைத் துணியால் மூடி, காரின் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு பள்ளியில் அதே பாவை வைத்துச் சோதனை நடத்தினார்கள் என்று பொன்னுதுரை கேள்விப்பட்டு வந்து சொன்னார். இரண்டு புதிதாகச் சேர்த்திருப்பார்கள்.

வில்லையைத் தினமும் அணிய வேண்டும் என்பது உத்தரவு. அதை எவ்வளவு வெறுத்தாளோ அவ்வளவுக்கு அது அவளுக்கு உதவியது. பாலத்துச் சிப்பாய் வில்லையைப் பார்த்தான், அதில் இருந்த ஜப்பானிய எழுத்தை வாசித்தான், தலையை அசைத்துப் போகச் சொன்னான். அறை விழுந்த அதே இடத்தில் அவள் நிமிர்ந்து நடந்தாள். முதல் நாள் அது கசந்தது. நான்காம் நாள் பாலத்தை நெருங்கும்போது வில்லை சரியாக இருக்கிறதா என்று தன் கை தானாகப் போய்த் தொட்டுப் பார்த்ததைக் கவனித்தாள். அன்று முழுவதும் தன் மேலேயே அவளுக்கு ஓர் அருவருப்பு இருந்தது.

வகுப்பில் நிலைமை அதைவிட மோசம். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். தங்கள் பாவைத் தங்கள் டீச்சரே தின்றுவிட்டு, தங்களை வாய் திறந்து காட்ட வைத்தாள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் கரும்பலகையில் யாரோ வட்டமாக இரண்டு பாவ் வரைந்து, கண்ணாடி போட்ட ஒரு வாயைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். அவள் அழித்துவிட்டுக் கணக்குப் பாடம் ஆரம்பித்தாள். தனபாலன் எழுந்து நின்று பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் வில்லையைப் பார்த்தே சொன்னான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. இத்தனை நாள் அதே பார்வையைத்தான் அவள் கலியாணசுந்தரத்தின் முதுகுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். முப்பத்தொரு பிள்ளைகளிடம் சொல்லும் ரகசியம் மாலைக்குள் முகாம் வரைக்கும் போய்விடும். அதிகாரியிடம் பொய் சொன்னதற்கு இந்த முறை அறையோடு விடமாட்டார்கள். கருணாகரன் ஒன்றும் கேட்கவில்லை. கீறல் விழுந்த கண்ணாடிக்கு ஒரு கம்பி வளைத்துக் கொடுத்தான். நீ தின்றிருக்கமாட்டாய் என்று மட்டும் சொன்னான். அதையும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து நாகம்மா பள்ளிக்கு வந்தாள். வாழையிலையில் சுற்றிய மரவள்ளிப் பலகாரம் நாலு கொண்டுவந்திருந்தாள். மகளை அடியிலிருந்து காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று சாரதாம்பாள் நினைத்தாள். அதற்கும்தான் வந்திருந்தாள். ஆனால் இலையைப் பிரித்து வைத்தபடியே, பசி யாருக்கும் வரும், படித்தவர்களுக்கும் வரும், அதற்காக வெட்கப்பட வேண்டாம், இனிமேல் பசித்தால் என் வீட்டுக்கு வாருங்கள் என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் கேலி துளியும் இல்லை. முழுக்க இரக்கம்தான். சாரதாம்பாளுக்கு மொரிதாவின் இரண்டு அறையும் சேர்ந்து அவ்வளவு வலிக்கவில்லை. மறுத்துப் பேச வாயெடுத்தவள், பலகாரத்தின் மேல் தூவியிருந்த தேங்காய்ப் பூவைப் பார்த்தாள். கை தானாகப் போனது. நாகம்மா பார்த்துக்கொண்டிருக்க, நான்கையும் தின்றாள்.

அந்த மாதக் கடைசியில் கலியாணசுந்தரம் அவளைத் தேடி வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, அடுத்த பட்டியல் அனுப்ப வேண்டும், நேர்மைக்குப் பிள்ளையைச் சாரதாம்பாளே தேர்ந்து கொடுக்கட்டும் என்று மொரிதா சொல்லியிருப்பதாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. கட்டை விரலில் ஊசி ஏறிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க பார்த்தீங்க, இல்ல?" என்றார் கடைசியில்.

"பார்த்தேன்."

"பசிம்மா. ரெண்டு நாளா வீட்டுல ஒண்ணுமில்ல. வாசனை வந்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கோட்டுக்கு உள்ளே அவர் பாதியாகியிருந்தார்; டயர் கொடுத்தவர்கள் அரிசி கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"நீங்க தின்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். "தின்ன வாயோட போய் அந்தப் பிள்ளைங்க வாயை மோந்து பார்த்தீங்களே, அதுதான். மாவு எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்தீங்களே, அதுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிவது அவருக்குப் பழகிய வேலை என்பதால் அதற்கு அவள் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை.

"அப்புறம் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?" என்று கேட்டார். குரலில் ஒரு நப்பாசை இருந்தது. அவள் ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்ததுபோல.

"சொல்லியிருந்தா உங்களை எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் அடிச்சுப் போட்டிருப்பாங்க. நீங்க மண்ணுல கிடக்கறதைப் பார்த்தா எனக்கு உங்க மேல இரக்கம் வந்திருக்கும். அது வேண்டாம்னு இருந்தது."

அவர் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். வெளியே சாலையில் ஒரு மாட்டு வண்டி போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

பிறகு அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நேர்மைக்கான பட்டியல். முப்பத்தொரு பெயர் எழுதியிருந்தாள். அவர் கடைசி வரை வாசித்துவிட்டு, ஒரு பண்புக்கு ஒரு பிள்ளைதான், மொரிதா ஒப்புக்கொள்ளமாட்டார் என்றார். ஏன் ஒப்புக்கொள்ளமாட்டார் என்று அவள் கேட்டாள். இரண்டு பாவை டீச்சர் தின்றாள் என்று அவரே தீர்ப்புச் சொல்லியாயிற்று. அப்படியானால் மிச்சம் பதினெட்டையும் பசியோடு கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்து தொடாத பிள்ளைகள் முப்பத்தொரு பேர். சோதனை வைத்தது அவர்களுக்கு. தேறியதும் அவர்கள். யாராவது ஒருவர் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்களா?

கலியாணசுந்தரம், அவ்வளவு வில்லைக்குத் துணி எங்கே இருக்கிறது என்று முனகினார்.

"வில்லை வேண்டாம். பேரை மட்டும் திடல்ல நின்னு வாசிங்க. நீங்களே வாசிக்கணும். அப்பா பேரோட."

அவர் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் அவருக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. பண்புள்ள வகுப்பு என்று முழு வகுப்பையும் கௌரவிப்பது அதிகாரிக்கு ஒரு புது யோசனையாகப் படலாம், அதை இன்னொரு விண்ணப்பமாக எழுதலாம் என்று வாசலில் நின்று சொன்னார். சாரதாம்பாள் கரும்பலகையைத் துடைத்தாள்.

மொரிதா மறுக்கவில்லை. அவருக்கு அதற்குள் இந்தப் பண்பு விவகாரமே சலித்துப் போயிருந்தது. எல்லாப் பள்ளித் திடல்களிலும் மரவள்ளி நட வேண்டும் என்ற புது உத்தரவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். பட்டியலின் மேல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார், வாசித்திருக்கவே மாட்டார்.

திங்கட்கிழமைக் காலை அணிவகுப்பில், கிழக்கே பார்த்துக் குனிந்து எழுந்த பிறகு, கலியாணசுந்தரம் தாளைப் பிரித்தார். பாதித் திடல் கொத்திப் போடப்பட்டிருந்தது. பிள்ளைகள் மண்கட்டிகளுக்கு நடுவே நெருக்கி நின்றார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் வந்த பிள்ளை முன்னால் வந்து நின்றது. கையில் ஒன்றும் கொடுக்கப்போவதில்லை என்று முதல் நாலைந்து பெயரிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் பெயர் வரும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தது. தனபாலன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். சாரதாம்பாளைக் கடந்து போகும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மீனாச்சியின் பெயரை அவள் கடைசியில் எழுதியிருந்தாள். அந்த இடத்துக்கு வந்ததும் கலியாணசுந்தரம் தாளைக் கீழே இறக்கி, தொண்டையைச் செருமி, இத்தோடு முடிந்தது என்பதுபோல் நிமிர்ந்தார். முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்றன. முப்பத்தோராவது தனியாக நின்றது. சாரதாம்பாள் கடைசி வரிசையிலிருந்து வெளியே வந்து, கொத்திப்போட்ட மண்ணில் செருப்புப் புதைய, அவர் முகத்தை நேராகப் பார்க்கும் இடத்தில் போய் நின்றாள்.

அவர் தாளை மறுபடி உயர்த்தினார்.

"சங்கரன் மகள் மீனாச்சி," என்றார்.

கேட்கவில்லை என்று பின்னாலிருந்து பொன்னுதுரை வாத்தியார் சொன்னார். கலியாணசுந்தரம் இன்னொரு தடவை, உரக்க வாசித்தார்.